கவாத்துக்கு ஒரு காலம் உண்டு



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சபையார் ஒருவர் என்னிடம், "ஐயா, எங்கள் வீட்டு மாமரம் சன்னலை மறைக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பதற்கு முன் கிளைகளை வெட்டிவிடலாமா?" என்று கேட்டார். "வேண்டாம், இப்பொழுது வெட்டினால் வருகிற கோடையில் உங்களுக்கு மாம்பழம் இராது" என்று சொல்லி அனுப்பினேன். அவர் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி, ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்கப்பட்ட வேறொரு கேள்வியை என் நினைவுக்குக் கொண்டுவந்தது. இந்த வாரம் அதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

அது தை மாதம். கச்சிராயபாளையம் சாலையில் நிகழ்ந்த விபத்தில் முப்பத்து நான்கு வயதுள்ள ஒரு சகோதரர் மரித்துப்போனார். மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்றாம் நாள் ஜெபக்கூட்டத்தில் செய்தி கொடுக்கும்படி நான் அழைக்கப்பட்டிருந்தேன். யோவான் 15ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். பிதா திராட்சத்தோட்டக்காரர் என்றும், அதிகக் கனிக்காக அவர் கிளைகளை நறுக்குகிறார் என்றும், இந்தக் குடும்பத்தையும் அவர் கவாத்து செய்திருக்கிறார் என்றும் பிரசங்கித்தேன். செய்தி நன்றாக அமைந்தது என்றே அப்பொழுது எண்ணினேன்.

கூட்டம் முடிந்தபின், அந்த விதவைச் சகோதரியின் தாயார் என்னிடம் வந்தார்கள். வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து இறங்கி வந்திருந்த முதியவர். கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து 1976ஆம் ஆண்டில்தான் விடுபட்டது. அதற்கு முந்திய நாட்களிலேயே அங்கே பிறந்து, சாமையும் தினையும் விதைத்து, பலாவோடும் எலுமிச்சையோடும் வாழ்ந்தவர்கள் அவர்கள். முற்றத்தில் நின்ற மாமரத்தைக் காட்டினார்கள். அது மரம் நிறையப் பூத்திருந்தது. "பூ எடுத்த மரத்துல யாராச்சும் கத்தி வைப்பாங்களாங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார்கள். அவர்கள் குரலில் கோபம் இல்லை. என்னிடத்தில் பதிலும் இல்லை.

வீடு திரும்பிய நான், நாம் அடிக்கடி பிரசங்கிக்கிற இந்தக் கவாத்து உண்மையில் என்ன, அது எப்பொழுது செய்யப்படும் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் நான் கற்றவற்றைக் கேளுங்கள்.

கேசேரின் கல்

1908ஆம் ஆண்டில், எருசலேமுக்கு மேற்கேயுள்ள பழைய கேசேர் பட்டணத்தை அகழ்ந்துகொண்டிருந்த மெக்காலிஸ்டர் என்னும் அயர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஒரு சிறு சுண்ணாம்புக் கற்பலகையைக் கண்டெடுத்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுள்ள கல். கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் கணிப்பு. பார்வோன் தன் குமாரத்திக்குச் சீதனமாகக் கொடுத்தான் என்று இராஜாக்களின் முதலாம் புத்தகம் கூறுகிற அதே கேசேர். சாலொமோனின் காலத்தை ஒட்டிய கல். இன்று அது இஸ்தான்புல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கல்லில் ஓர் ஆண்டின் வேலைகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பலன் சேர்க்க இரண்டு மாதம், விதைக்க இரண்டு மாதம், பின்விதைப்புக்கு இரண்டு மாதம், சணல் அறுக்க ஒன்று, வாற்கோதுமை அறுக்க ஒன்று, அறுவடை முடித்து அளக்க ஒன்று. அதன்பின் இரண்டு மாதங்களுக்கு எதிரே எழுதப்பட்டுள்ள எபிரெயச் சொல்லைத் திராட்சைக் கொடிகளை நறுக்கிப் பராமரிப்பது என்றே அறிஞர்களில் பலர் பொருள்கொள்கிறார்கள். கடைசி மாதம் கோடைக்காலக் கனிகளுக்கு உரியது. ஒரு பள்ளிச் சிறுவனின் எழுத்துப் பயிற்சியாக இருக்கலாம் என்றும் கருதப்படுகிற அந்தக் கல்லில், விதைப்புக்கும் அறுப்புக்கும் சமமாகக் கத்திக்கும் தனி மாதங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

அதே எபிரெய வேரிலிருந்து வரும் ஒரு சொல் உன்னதப்பாட்டின் இரண்டாம் அதிகாரத்திலும் இருக்கிறது. அந்த வேருக்குப் பாடுதல் என்றும் பொருளுண்டு, கிளை நறுக்குதல் என்றும் பொருளுண்டு. நம்முடைய தமிழ் வேதாகமம் அதைக் குருவிகள் பாடுகிற காலமாகக் கொண்டது; பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு கிளை நறுக்கும் காலமாகக் கொண்டது. எதுவானாலும், அங்கே பேசப்படுவது ஒரு காலம்.

வேதாகமத்தில் கத்தியின் ஒழுங்கு

பாலஸ்தீன நாட்டில் திராட்சைக் கொடிக்கு ஆண்டில் இரண்டு முறை கத்தி வைத்தார்கள். குளிர்காலத்தில் இலைகளெல்லாம் உதிர்ந்து கொடி உறங்கும்போது முதல் வெட்டு. பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்தபின், கோடையின் தொடக்கத்தில் இரண்டாவது வெட்டு; கனியற்ற தளிர்களை நீக்கி, குலைகளுக்கு வெயிலும் காற்றும் கிடைக்கச் செய்வதற்காக அது. ஏசாயா 18ஆம் அதிகாரம் இந்த இரண்டாவது வெட்டையே காட்டுகிறது. பூ முற்றிலும் முடிந்தபின், அறுப்புக்கு முன் என்று தீர்க்கதரிசி நேரத்தைக் குறித்தே பேசுகிறார். பூத்திருக்கும்போது வெட்டுகிறவன் அங்கே இல்லை.

நியாயப்பிரமாணமும் கத்தியைத் தன் போக்கில் விடவில்லை. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின்படி ஆறு வருஷம் திராட்சத்தோட்டத்தைக் கிளைகழிக்கலாம். ஏழாம் வருஷம் நிலத்தோடு கத்திக்கும் ஓய்வு. உபாகமம் 20ஆம் அதிகாரத்தின்படி, ஒரு பட்டணத்தை முற்றிக்கை போட்டிருக்கும் நாளிலும் கனிதரும் மரத்தைக் கோடரியால் வெட்டக் கூடாது. லேவியராகமம் 19ஆம் அதிகாரமோ, நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று வருஷம் புசிக்கக் கூடாது என்கிறது. இன்றும் நம் தோட்டக்கலைத் துறையினர், ஒட்டு மாங்கன்று நட்டால் முதல் மூன்று ஆண்டுகள் பூவைக் கிள்ளிவிடுங்கள் என்றே சொல்கிறார்கள். இளமரம் முதலில் தன் வேரையும் கொப்பையும் பலப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் காரணம்.

இனி யோவான் 15. அங்கே கனிகொடுக்கிற கொடியைப் பிதா என்ன செய்கிறார் என்பதற்கு நம் வேதாகமம் "வெட்டுகிறார்" என்று எழுதவில்லை. "சுத்தம்பண்ணுகிறார்" என்று எழுதியிருக்கிறது. கிரேக்க மூலத்தில் நறுக்குவதற்கும் சுத்திகரிப்பதற்கும் ஒரே சொல்லே நிற்கிறது. அடுத்த வசனத்தில் சீஷர்கள் ஏற்கெனவே சுத்தமாயிருக்கிறார்கள் என்று ஆண்டவர் சொல்லும்போதும் அதே சொல்லின் கிளையே வருகிறது. அவர்களைச் சுத்தமாக்கியது எது? மரணமா, விபத்தா, நோயா? அவர் அவர்களுக்குச் சொன்ன உபதேசம் என்று அவரே விளக்குகிறார். நான் அந்தத் துக்க வீட்டில் இந்த அடுத்த வசனத்தை வாசிக்காமலே பிரசங்கித்தேன் என்பதை உங்களுக்கு முன் அறிக்கையிடுகிறேன்.

குளிர்காலம் இல்லாத தேசத்தில்

முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்னும் ரோம வேளாண் நூலாசிரியர், திராட்சையை நறுக்க எல்லா இடத்துக்கும் ஒரே நாளைக் குறித்துக் கொடுக்கவில்லை. குளிர் மிகுந்த இடத்தில் வசந்தத்தில் துளிர் விடுவதற்கு முன்னும், வெப்பமான இடத்தில் அறுவடைக்குப் பின் இலையுதிர் காலத்திலும் நறுக்கச் சொல்லுகிறார். ஒரே கொடிதான், மண்ணும் வானமும் மாறும்போது அதன் காலமும் மாறுகிறது.

அந்தக் கொடி நம் தேசத்துக்கும் வந்தது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நீங்கள் செய்தித்தாள்களில் வாசித்திருப்பீர்கள். 1832ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. திருவிருந்தின் ரசத்தை அறிந்திருந்த அவருடைய தேசத்தில் கொடிக்கு உறக்கம் உண்டு. பனி விழும், இலை உதிரும், பின்பு கத்தி வரும். நம் நாட்டிலோ திராட்சைக் கொடி உறங்குவதே இல்லை. ஆண்டு முழுவதும் இலை விட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டால் கொடி நீளும், கனி குறையும்.

ஆகையால் இங்கே தோட்டக்காரனுடைய கத்தியே கொடிக்குக் குளிர்காலமாகிறது. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் கவாத்து செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரில் பழம். பன்னீர்த் திராட்சைக்குப் பொதுவாக நான்கு மொட்டுகளை விட்டு வெட்டுவார்கள். ஏறிவரும் சாறு வெட்டுவாயில் துளித்துளியாகச் சொட்டும். கொடி அழுவதுபோலவே அது காணப்படும். தோட்டக்காரன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவதில்லை. துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசையை வெட்டுவாயில் பூசுகிறான், அடியில் எரு இடுகிறான், நீர் விடுகிறான். வெட்டு ஒரு நாள் வேலை. வெட்டியபின் காப்பது மாதக்கணக்கான வேலை.

நம் வீட்டுத் தோட்டங்களில்

சபையார் பலருடைய வீடுகளில் செடிகளும் மரங்களும் இருப்பதால், ஒவ்வொன்றின் காலத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரம், அதாவது இந்த வாரமே, ஏற்ற காலம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்ட வேண்டும். புதுத் தளிரில்தான் மல்லிகை பூக்கும்; இப்பொழுது வெட்டினால் கோடை தொடங்கும்போது பூ வரும். சாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஆனாலும் மூன்றுக்கும் ஒரே நாளில் கத்தி வைப்பவர் இல்லை.

மாமரத்துக்கு அறுவடை முடிந்தபின் ஆகஸ்டு, செப்டம்பரில், அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, உள்ளே நெருங்கி நிற்கும் கிளைகளை நீக்கினால் போதும். அதற்குப்பின் வரும் தளிர்கள் முதிர்ந்தால்தான் மார்கழி, தையில் பூ எடுக்கும். இப்பொழுது வெட்டினால், பூக்கக் காத்திருக்கிற கொப்பையே வெட்டுகிறோம். கொய்யாவுக்குச் செப்டம்பர், அக்டோபரிலும், மறுபடியும் பிப்ரவரி, மார்ச்சிலும் கிளை நுனியை நான்கு முதல் ஆறு அங்குலம் நறுக்கினால் பக்கக் கிளைகள் பெருகும். செடிமுருங்கையைக் காய்ப்பு முடிந்தபின் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்த்துக் காய்க்கும். நம் மலையிலிருந்து வரும் பலாவோ அடிமரத்திலேயே காய்க்கிறது. அதற்கு நுனியை நறுக்கிப் பயனில்லை. எலுமிச்சையில் அடித்தண்டிலிருந்து தரையோரம் கிளைக்கும் போத்துகளை நீக்கினால் போதும்.

ஆட்டுக்குத் தழை ஒடிப்பது வேறு, விறகுக்குக் கிளை வெட்டுவது வேறு, கவாத்து வேறு. மூன்றிலும் கிளை விழுகிறது. கவாத்தில் மட்டும் வெட்டுகிறவன் மரத்துக்காக வெட்டுகிறான். படைவீரரின் அணிப்பயிற்சிக்கும் நம் முன்னோர் கவாத்து என்ற இதே சொல்லையே வழங்கினார்கள். அரபு மொழியில் விதிகள் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்தது என்பர். விதியும் ஒழுங்கும் இல்லாத வெட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

வேரைப் பார்த்தபின் வெட்டு

கவாத்து என்ற சொல்லைத் தங்கள் உடலாலேயே அறிந்தவர்கள் இலங்கையின் மலைநாட்டுத் தமிழர்கள். பழைய தென்னார்க்காடு, சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து நம்முடைய மக்கள் கங்காணிகளின் பின்னே நடந்துபோய், முதலில் காப்பித் தோட்டங்களிலும் பின்பு தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தேயிலைச் செடியைப் பெரும்பாலும் இலையே மிஞ்சாதபடி வெட்டிவிடுவார்கள். இவ்வளவு கடுமையான வெட்டு வேறு பயிர்களுக்கு அரிது.

ஆனால் அதற்கு முன் செய்யும் ஒரு காரியம் என்னை மிகவும் தொட்டது. செடியின் வேரில் ஒரு துண்டை எடுத்து, அதன்மேல் அயோடின் இட்டுப் பார்க்கிறார்கள். வேரில் மாச்சத்து சேர்ந்திருந்தால் நிறம் கருநீலமாக மாறும். மாறினால் வெட்டலாம். மாறாவிட்டால், வெட்டப்பட்ட செடிக்குத் திரும்பத் துளிர்க்கும் பெலன் இல்லை. செடியைத் தேறவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடும் வறட்சியிலும் கத்தி வைப்பதில்லை. தேயிலைச் செடிக்குக் காட்டப்படுகிற இந்தப் பொறுமையை நான் அந்தத் துக்க வீட்டில் காட்டவில்லை. அந்தச் சகோதரியின் வேரில் என்ன மிஞ்சியிருந்தது என்று நான் பார்க்கவில்லை; ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

புயல் கவாத்து அல்ல

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்து கிடந்ததை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாகப் பலன் கொடுத்த மரங்கள் ஒரே காலையில் விழுந்தன. அதை யாராவது கவாத்து என்று சொன்னார்களா? அதில் காலம் இல்லை, அளவு இல்லை, வெட்டுவாயில் பசை பூசுகிற கையும் இல்லை.

நம்முடைய வாழ்க்கையில் தேவன் சுத்தம்பண்ணுகிற வேலை உண்டு. நம் பெருமையை, பேராசையை, கனியற்ற ஓட்டத்தை அவருடைய வசனம் நறுக்குகிறது. அது வலிக்கவும் செய்கிறது. அந்தக் கத்திக்கு நாம் விலகி ஓடக் கூடாது. ஏசாயா 5ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தம்முடைய திராட்சத்தோட்டத்துக்கு விதித்த தண்டனைகளில் ஒன்று என்ன தெரியுமா? இனி அது கிளைநறுக்கப்படாமல் விடப்படும் என்பதே. நறுக்கப்படுவது கைவிடப்படாததன் அடையாளம். இதை நான் இன்றும் விசுவாசிக்கிறேன், இன்றும் பிரசங்கிக்கிறேன்.

ஆனால் நமக்கு நேரிடுகிற எல்லா இழப்பையும் அந்தக் கத்தியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 2024 ஜூன் மாதத்தில் நம் நகரத்துக் கருணாபுரத்திலும் பிற இடங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதே, அது தேவனுடைய கவாத்து அல்ல. மனிதரின் பேராசை செய்த வேலை அது. அந்த நாட்களில் துக்கமுள்ள வீடுகளுக்குள் போகும்போது வேதாகமத்தை உடனே திறக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டேன். அந்த முதிய தாயாரின் கேள்வியே எனக்குக் காவலாக இருந்தது.

அப்படியானால் புயலில் முறிந்த மரத்துக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லையா? உண்டு. புயலுக்குப் பிறகு தோட்டக்காரன் வருகிறான். பிளந்து தொங்கும் கிளையைச் சீராக அறுத்து, காயத்தில் பசை பூசி, சாய்ந்த இளமரத்தை நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, வேரில் மண் அணைக்கிறான். அவன் புயலை அனுப்பினவன் அல்ல. ஆனால் புயலுக்குப் பின் மரத்தை விட்டுப் போகாதவன்.

உயிர்த்தெழுந்த நாளின் விடியற்காலையில் மகதலேனா மரியாள் கல்லறையண்டை அழுதுகொண்டு நின்றாள். ஆண்டவரைக் கண்டு, தோட்டக்காரர் என்று எண்ணினாள். அவர் அவளுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. ஏன் அழுகிறாய் என்று முதலில் கேட்டார். பின்பு பெயர் சொல்லி அழைத்தார். துக்க வீட்டுக்குப் போகிற போதகருக்கும் விசுவாசிக்கும் அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கூட்டம் நடந்த ஒரு மாதம் கழித்து நான் அந்த வீட்டுக்கு மறுபடியும் போனேன். நான் சொன்னது தவறு என்று அந்தச் சகோதரியிடமும் அவர்களுடைய தாயாரிடமும் சொன்னேன். மகள் ஒன்றும் பேசவில்லை. தாயார் மலையிலிருந்து கொண்டுவந்திருந்த பலாச்சுளைகளை ஒரு தட்டில் வைத்து, "சாப்பிடுங்க ஐயா" என்றார்கள். மாமரத்தில் பூ முடிந்து பிஞ்சு பிடித்திருந்தது.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் மல்லிகையைக் கவாத்து செய்யுங்கள், மாமரத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் ஒருவரைக் கண்டித்துத் திருத்த வேண்டியிருந்தால், அவர் பூத்திருக்கிற காலமா, வேரில் பெலன் இருக்கிற காலமா என்று முதலில் பாருங்கள். துக்கத்திலிருக்கிற ஒருவரைச் சந்திக்கப் போனால், ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அமர்ந்திருங்கள்.

ஜெபம்: தோட்டக்காரராகிய எங்கள் பிதாவே, எங்களைச் சுத்தம்பண்ணுகிற உம்முடைய வார்த்தைக்காக ஸ்தோத்திரம். உமது கையிலிருந்து வராத காயங்களை உமது பெயரால் அழைத்த எங்கள் அறியாமையை மன்னியும். முறிந்துபோன வீடுகளில் நீர் தாமே வந்து, மண் அணைத்து, நீர் ஊற்றி, துளிர்க்கச் செய்யும். காலம் அறிந்து பேசவும், காலம் அறிந்து மவுனமாயிருக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.